அரைச் சுரம் கீழே

ருஸ்தாவியில் அந்தக் குளிர்காலங்களில்
மின்சாரம் விருந்தாளி மாதிரி.
சொல்லாமல் வரும்,
உட்காரச் சொல்வதற்குள் கிளம்பிவிடும்.
உருக்காலை அப்பாவுக்குச் சம்பளமாக
ஒரு மாதம் இரும்புக் குழாய் கொடுத்தது,
ஒரு மாதம் சர்க்கரை.
சர்க்கரை வந்த மாதம்
அரை மூட்டைக்குக் கீழ்வீட்டு ஒதார்
தன் கிதாரைத் தந்தான்.
ஐந்து தந்தி.
ஆறாவதற்கு சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து
ஓர் இழை எடுத்தேன்.

ஆசான் என்று எவரும் இல்லை. ஒரு டேப் இருந்தது,
நகலின் நகலின் நகல்.
மொழி தெரியாத பாட்டு பதினொன்று.
பன்னிரண்டாவதன் நடுவில் நாடா முடிந்துவிடும்.
அந்தப் பாட்டு எப்படி முடியும் என்பது
வெகுநாள் என் கவலையாக இருந்தது.

பேட்டரி தீர்ந்தால் அடுப்பருகே வைப்பேன்,
பல்லால் கடிப்பேன்.
இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வரும்,
தொண்டை கட்டிய உயிர்.
பாடுகிறவன் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறான்,
அதுதான் அவன் பாணி என்று நினைத்தேன்.
அவனுக்கு ஏற்றபடி தந்திகளைத் தளர்த்தினேன்.
தளர்ந்தால் விரலுக்கும் நோவு குறைவு.

நுனி வெட்டிய கையுறையில் நான்கு குளிர்காலம்.
கார்டுகளுக்குப் பெயர் தெரியாததால் நானே வைத்தேன்:
'வாசல்'.
'ஒரே பெஞ்சில் மூன்று பேர்'.
'நண்டு'.
நண்டு கடைசிவரை பிடிபடவில்லை.

பாத்துமியில், கடலோர உணவுவிடுதி ஒன்றில்,
கிதார்க்காரன் போலந்துக்கு ஓடிவிட்டான் என்று கேள்விப்பட்டு
பஸ் ஏறினேன்.
பாட்டு எத்தேரி. ட்ரம்ஸ் குராம்.
கீபோர்டில் ஜும்பேர், பகலில் பல் பிடுங்குகிறவர்.
"எல்லாம் ஊரான் பாட்டுதான்" என்றார்.
"சொந்தமாக ஒன்று வாசித்தால்
தட்டோடு எழுந்து போய்விடுகிறார்கள்."

ஆரம்பித்தோம்.
நான்காவது வரியில் நிறுத்தினார்கள்.
இல்லை, இரண்டாவதிலேயே.
குராம் குச்சிகளை மடியில் வைத்தான்.
"என்ன வாசிக்கிறாய்?"
"அதே பாட்டு."
"அதே பாட்டுதான். நீ மட்டும்
படிக்கட்டுக்குக் கீழே நின்று வாசிக்கிறாய்."

ஜும்பேர் ஒரு கட்டையை அழுத்தினார்.
நான் தந்தியை மீட்டினேன்.
நடுவே அரைச் சுரமும் ஒரு மயிரிழையும்.
அந்தச் சந்துக்குள்தான் உட்கார்ந்திருந்தது
என் நான்கு வருஷமும்.

பேட்டரியைப் பற்றிச் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அவர்களும் பேட்டரியைக் கடித்தவர்கள்தான்.
முறுக்காணியைத் திருகினேன்.
ஐந்து தந்தி தாங்கியது.
பிரேக் கம்பி அறுந்து தாடையைக் கீறிற்று.

எத்தேரி தண்ணீர் குடித்து முடித்து,
"அவனை ஏற்றாதீர்கள்" என்றாள்,
"நீங்கள் இறங்குங்கள்."

அவள் ஏன் சொன்னாள் என்பது
குராமுக்குத் தெரியும்.
மூன்று கோடைகளாக அந்தப் பாட்டின் உச்சி வரும்போதெல்லாம்
அவள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவாள்,
அவர்கள் பாடட்டும் என்பதுபோல.
அவன் அங்கே கொஞ்சம் பலமாக அடிப்பான்.

ஏற்றியதை இறக்கி, மயிரிழையை மட்டும் நான் திருத்திக்கொண்டேன்.
அரைச் சுரத்தை ஜும்பேர் ஒரு பொத்தானில் முடித்தார்.
உச்சி வந்தது. எத்தேரி மைக்கை நீட்டவில்லை.
பாடி முடித்து, பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
வேறு யாரோ பாடியதுபோல.

அன்றிரவு ஐந்து தந்தியில் வாசித்தேன்.
துருக்கி லாரிக்காரர்கள் நான்கு பேர்,
ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம்,
பொரித்த மீனுக்காக அழுத ஒரு குழந்தை.
சுருதி இறங்கியதை எவரும் கவனிக்கவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் குராமின் காதில் கேட்டேன்:
"பன்னிரண்டாவது எப்படி முடியும்?"
"முடியாது. அசலில் சத்தம் குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.
நாமாக எங்கேயாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்."
"எங்கே?"
குச்சியால் எத்தேரியின் முதுகைக் காட்டினான்.
"தோள் இறங்கும். அங்கே."